மண் ரூமில் மாட்டிய சமான்

1

இன்றோடு மூன்று வருடம். கல்யாண நாளைக்கூட ஒரு வருடம் மறந்திருக்கிறேன், இந்த நாளை மறந்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் இதே நாளில், கிள்ளானுக்கு வடக்கே மேருவில் இருக்கும் எங்கள் வீட்டு கேட்டில் நகராட்சிக்காரர்கள் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். வீட்டுக்குப் பின்னால் நான் கட்டியிருந்த, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மக்கும் கழிப்பறையை இரண்டு வாரத்தில் அகற்றச் சொல்லும் தாள் அது. இப்போது அந்தத் தாள் அதே கழிப்பறைக்குள்ளே, பிளாஸ்டிக் உறை போட்டு, உட்காருபவர் கண்ணுக்கு நேராக ஆணியில் தொங்குகிறது. மாட்டியவள் நான்தான்.

இதிலிருந்தே என் சுபாவம் உங்களுக்குப் புரிந்திருக்கும். ‘மலேசியா போனதுல சுமதி அமைதியாயிட்டா’ என்று ஊரில் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதாகக் கேள்வி. அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒருவர் செய்ததை நான் மனதில் வைத்துக்கொள்வேன், நேரம் வரும்போது திருப்பிக் கொடுப்பேன். பதினான்கு வருடம் வேறு நாட்டில் சாப்பிட்டதால் இது மாறிவிடவில்லை.

2

பக்கத்து வீட்டு தனபாலன் அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பண்டமாரானிலிருந்து இங்கே குடிவந்தவர். எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவரும் அவர்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களை இங்கே ஊர்க்காரங்க என்பார்கள். அவருக்கு நான் வந்த நாளிலிருந்தே ஊர்க்காரம்மா.

அன்று காலை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் கூப்பிட்டார்.

“ஊர்க்காரம்மா! ஒங்களுக்கு சமான் வந்திருக்கு.”

எனக்கு ஒரே சந்தோஷம். பின்பக்கத்து வேலைக்காக ஒரு குழாய் வரவழைத்திருந்தேன், ஒரு வாரமாக வரவில்லை.

“வந்துடுச்சா அங்கிள்? இதுக்குத்தான் தினமும் வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கேன். ரொம்ப தேங்ஸ்.”

“பாத்துக்கிட்டு இருந்தீங்களா?”

“ஆமா அங்கிள். பெருசா, சின்னதா? தூக்க முடியுமா, இல்ல அவரைக் கூப்பிடவா?”

அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம்தான் கேட்டில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். மலாயில் சமான் என்றால் அரசாங்கம் அனுப்பும் தண்டனை நோட்டீஸ். நாம் சொல்லும் சாமான் அல்ல. இங்கே பிறந்த எந்தத் தமிழனும் செய்யாத தப்பு, ஊரிலிருந்து வந்தவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு.

அதோடு விட்டாரா? சங்கக் கூட்டத்தில் சொன்னார். கடைத்தெருவில் சொன்னார். காலைப் பாசாரில் மீன் விற்கும் அண்ணன் வரைக்கும் கதை போய்விட்டது. “என்னக்கா, சாமான் வந்துச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் அவர் கெண்டையை வெட்டினார். பல மாதம் இது நடந்தது. நானும் சிரித்துவைத்தேன். உள்ளே எரிந்தது.

புகார் கொடுத்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நோட்டீஸ் வருவதற்கு முந்தின வாரம்தான் இதே அங்கிள் வேலியோரம் வந்து முகத்தைச் சுளித்தார்.

“என்னம்மா இது? எங்கப்பா கிள்ளான் டவுன்ல தோங் கக்கூஸ் வாளி தூக்குனவரு. அந்தக் கருமத்த ஒழிச்சு, ஃப்ளஷ் வந்து, இப்பத்தான் நிமிந்து நிக்கிறோம். நீங்க படிச்சவங்க, திரும்ப வாளிய கொண்டு வறீங்களே.”

அவர் அப்பாவின் வலி எனக்குப் புரியாமல் இல்லை. இதில் யாரும் யாருடைய அழுக்கையும் சுமக்க வேண்டாம், அவரவர் வீட்டு வேலையை அவரவர் செய்வதுதான் இதன் அழகே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் உள்ளே போய்விட்டார்.

3

நான் எதற்காக இதைக் கட்டினேன் என்று சொல்ல வேண்டும்.

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் நான். அந்தப் படிப்பில் சேர்ந்தபோது என் சித்தப்பா, “பொம்பளப் புள்ளைக்கு சாக்கடைப் படிப்பா?” என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். வேலையில் சேர்ந்ததும் நான் செய்த முதல் சொந்தக் காரியம், அவர் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் சோதித்தது. அதில் சாக்கடை கலந்திருக்கிறது என்ற முடிவை அவர் பேத்தியின் காதுகுத்துப் பந்தியில், எல்லோர் கையிலும் அந்தத் தண்ணீர் டம்ளர் இருக்கும்போது, நிதானமாக வாசித்துக் காட்டினேன். அதற்கப்புறம் அவர் என் படிப்பைப் பற்றிப் பேசவில்லை.

இங்கே வந்தபோது அந்தப் படிப்புக்கு வேலை இல்லை. என் கணவருக்கு சுபாங் ஜெயாவில் வேலை. எனக்கு மனைவி என்ற பாஸ். வேலை செய்யக்கூடாது என்று பாஸ்போர்ட்டிலேயே முத்திரை. எட்டு வருடம் கழித்து அந்த முத்திரை போனபோது என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்த ஒருவர், “இவ்ளோ கேப் இருக்கே, சிஸ்டர்” என்றார்.

ஆனால் தண்ணீர் மட்டும் என்னை விடவில்லை. மழை கொட்டோ கொட்டென்று கொட்டும் இந்த ஊரில் குழாய்த் தண்ணீர் திடீர் திடீரென்று மூன்று நாள், நான்கு நாள் நின்றுவிடும். லோரியில் தண்ணீர் வரும். படித்தவர், பணக்காரர் எல்லோரும் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். அப்படி நின்று வாங்கிய நல்ல தண்ணீரை ஒரே இழுப்பில் கழிப்பறையில் விடுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

எனவே கட்டினேன். குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் பின்பக்கம் ஒரு ஜல்லிப் படுகைக்குள் போகும். படுகை நிறைய கல்வாழையும் சம்பங்கோரையும் நட்டேன். வேர்களுக்கு நடுவே மெல்ல நகர்ந்து வெளியே வரும்போது தண்ணீரில் சோப்பு வாடைகூட இருக்காது. அது நேரே வாழைக்குப் போகும். பக்கத்திலேயே கழிப்பறை. கீழே இரண்டு தொட்டிகள். சிறுநீர் தனிக் குழாயில் பிரிந்துவிடும், இரண்டும் கலந்தால்தான் நாற்றம். போய்விட்டு வந்ததும் ஒரு சிரட்டை மரத்தூள் போட வேண்டும். மேருவில் மேசை நாற்காலி செய்யும் பட்டறைகளில் மரத்தூளுக்கா பஞ்சம்? ஒரு தொட்டி நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைத் திறக்க வேண்டும். மூடியது ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தால் கறுத்த மண்ணாகிவிடும்.

அதற்கு மண் ரூம் என்று பெயர் வைத்தவள் என் மகள் கயல். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. நாங்கள் மூன்று பேர் மட்டும் அப்படிச் சொல்வோம். வெளியில் எல்லோருக்கும் அது கக்கூஸ், இல்லாவிட்டால் அந்தக் கால வாளிக் கக்கூஸின் பெயரான தோங்.

கயலுக்கு முதலில் அதில் ஆர்வம்தான். அப்புறம் மேல்வகுப்பு, தோழிகள், போன். என்னிடம் தமிழில் ஆரம்பிக்கும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் முடித்து, கதவை மலாயில் சாத்துவாள். அவளுக்குப் பதினாறு ஆன வருடம், தண்ணீர் நின்றிருந்த ஒரு சனிக்கிழமை, அவளோடு படிக்கும் மூன்று பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்திக்குக் கழிப்பறை வேண்டியிருந்தது. நான் அவர்களை மண் ரூமுக்கு அழைத்துப்போய், எல்லாவற்றையும் விளக்கி, மூடியிருந்த தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி, “மோந்து பாருங்க, நாத்தம் இருக்கா?” என்று நீட்டினேன். பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள். கயல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நோட்டீஸ் வந்தது அதற்குப் பத்து நாள் கழித்து.

4

நகராட்சியில் நான்கு கவுண்டர் ஏறி இறங்கினேன். கழிப்பறைக்கான, மலாயில் ‘தாண்டாஸ்’ என்று தலைப்பிட்ட ஃபாரத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன. சாக்கடைக் குழாயோடு சேர்ந்தது, அல்லது மலத்தொட்டியோடு சேர்ந்தது. மூன்றாவது கட்டம் இல்லை. என்னுடையது இரண்டும் இல்லை என்றால், “அப்ப எப்படி மேடம்?” என்பார்கள். வரைபடம் போட்டுக் காட்டினால், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த கவுண்டருக்கு அனுப்புவார்கள்.

நோட்டீஸில் எனக்குப் புரிந்த மலாய் கொஞ்சம்தான். புகாரில் எழுதியிருந்ததை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள்: வீட்டுக்குப் பின்னால் ‘பிலிக் தானா’ இருக்கிறது, நாற்றம் வருகிறது. பிலிக் என்றால் அறை. தானா என்றால் நிலம். அது எனக்கு நன்றாகத் தெரியும். வீடு வாங்கும்போது பெஜாபாட் தானா என்னும் நில அலுவலகத்துக்கு இரண்டு வருடம் நடந்தவள். நில அறை, அதாவது தரையோடு இருக்கும் அறை போலிருக்கிறது, அரசாங்க மலாய் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் கவுண்டரில் இருந்தவள் நம் பெண். கூந்தலைக் கொண்டை போட்டுக்கொண்டு சலிப்போடு என் தாள்களைப் பார்த்தாள்.

“அக்கா, இந்த ரெண்டு கட்டத்துல எதுலயும் வராதா?”

“வராதும்மா.”

“அப்ப அது தாண்டாஸே இல்ல லா. தாண்டாஸ் இல்லன்னா ஏது சமான்? ஸ்டோர்னு போடுங்க. தோட்டத்து மண்வெட்டி, வாளி வைக்கிற எடம். மண்வெட்டி இருக்குல்ல?”

“இருக்கு.”

“முடிஞ்சிச்சு.”

இப்படியாக, நகராட்சிப் பதிவின்படி என் கழிப்பறை ஒரு சாமான் அறை. சட்டப்படி அது சாமானுக்குத்தான். வீடு திரும்பும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே காரை ஓட்டினேன்.

5

அடுத்த வாரமே பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய் நோட்டீஸுக்கு உறை போட்டேன். கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, “இது சமான் ஆச்சேம்மா, இத எதுக்கு லேமினேட் பண்றீங்க?” என்றார். கக்கூஸில் மாட்ட என்றேன். தண்ணீர் நிற்கும் நாட்களில் மட்டும்தான் மண் ரூமைத் திறப்போம். அப்போதெல்லாம் அந்தத் தாளைப் பார்த்து என் கோபத்தைப் புதுப்பித்துக்கொள்வேன்.

அங்கிளுக்குச் சின்னச் சின்னதாகத் திருப்பிக் கொடுத்துவந்தேன். சங்கத்துக்கு அவர் எழுதும் தமிழ் அறிக்கைகளில் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டினேன். போன மாதம் அவர் மகன் கல்யாணத்துக்கு வாசலில் கட்ட, குலை தள்ளிய வாழை இரண்டு வேண்டும் என்று அவர் மனைவி கமலா ஆன்டி கேட்டார். என் தோட்டத்தில் இருப்பதிலேயே பெரிய இரண்டை வெட்டிக் கொடுத்தேன். மண் ரூமின் மண்ணைத் தின்று வளர்ந்த மரங்கள். அதன் கீழே அங்கிள் பட்டு வேட்டியில் நின்று படம் எடுத்துக்கொள்ளப்போவதை நினைத்தால் சோறு இறங்கியது.

ஆனால் கடவுள் அதைவிடப் பெரிதாக ஒன்றை எனக்காக வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் தண்ணீர் நின்றுவிட்டது.

6

அங்கிள் வீட்டில் ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் இருபது பேருக்கு மேல். கூரைத் தொட்டி மத்தியானத்துக்குள் காலி. லோரி வரவில்லை. மூன்று மணிக்குக் கமலா ஆன்டி கேட்டில் வந்து நின்றார்.

“சுமதி, வயசானவங்கல்லாம் இருக்காங்கம்மா. ஒங்க பின்னால இருக்கே... அத கொஞ்சம்...”

“எதை ஆன்டி?”

“அதான்மா...”

அந்த அம்மா எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இருந்தாலும் விட மனசில்லை. “அங்கிளை வரச் சொல்லுங்க ஆன்டி. அவர் வாயால கேக்கட்டும்” என்றேன்.

வந்தார். நெற்றியில் சந்தனம், முகத்தில் வியர்வை. நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

“சொல்லுங்க அங்கிள்.”

“கமலா சொல்லலியா?”

“புரியல.”

அவர் தெருவை ஒருமுறை பார்த்தார். “கக்கூஸ்மா” என்றார் மெதுவாக.

“எங்க வீட்டுப் பின்னால கக்கூஸ் எதுவும் இல்லையே அங்கிள். அது சாமான் ரூம். நகராட்சி பேப்பர்லயே அப்படித்தான் இருக்கு.”

“சரி. சாமான் ரூம தொறந்து விடுங்க.”

“எதுக்கு அங்கிள்? சாமான் வந்திருக்கா?”

மூன்று வருடமாகக் கூர் தீட்டி வைத்திருந்த வாக்கியம் அது. கமலா ஆன்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை. “வந்திருச்சு லா, சீக்கிரம் தொறங்க” என்றார். அதைவிட இனிப்பான எதையும் இந்த நாட்டில் நான் ருசித்ததில்லை.

முதலில் தானே போய்ப் பார்ப்பதாகச் சொல்லி உள்ளே போனார். மரத்தூள் சிரட்டையைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். எதிரே நோட்டீஸ் இருக்கும். படிக்கட்டும், தான் செய்த வேலையைத் தானே உட்கார்ந்து படிக்கட்டும் என்று வெளியே காத்திருந்தேன். நன்றாகவே நேரம் எடுத்துக்கொண்டார். கை கழுவிக்கொண்டு வந்தவர் முகத்தில் வெட்கத்துக்குப் பதிலாக யோசனை இருந்தது.

“நாத்தம் இல்ல. நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு, “அன்னிக்கு கேட்டுல முழுசா படிக்கல. அந்த சமான்ல பிலிக் தானான்னு போட்டிருக்கே, அது என்னம்மா?”

“நில அறை. தரைத்தளத்துல இருக்கிற ரூம்.”

“அப்படியெல்லாம் மலாயில சொல்லமாட்டாங்க. நான் பொறந்ததுலருந்து பேசுறேன், இப்படி ஒரு வார்த்தைய கேட்டதில்ல. தானான்னா மண்ணும்தான். மண் ரூம்னு யாரோ தமிழ்ல நெனச்சு மலாயில எழுதியிருக்காங்க.”

“அப்ப நீங்க...” என்று ஆரம்பித்தேன்.

“ஓ, நான்னு நெனச்சீங்களா?” அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். “நான் போடலம்மா. போடணும்னுதான் இருந்தேன், பொய் சொல்லமாட்டேன். அதுக்குள்ள யாரோ போட்டுட்டாங்க. நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன். நான் எழுதியிருந்தா தாண்டாஸ்னு எழுதியிருப்பேன்.”

சொல்லிவிட்டு, வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட வீட்டுக்குப் போனார். சாயங்காலம் வரை சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்துபோனார்கள். நான் சிரட்டையில் மரத்தூளை நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மண் ரூம். எங்கள் மூன்று பேரைத் தவிர இந்த உலகத்தில் யாரும் சொல்லாத சொல்.

7

கயல் இப்போது பினாங்கில் படிக்கிறாள். மறுநாள் காலை கூப்பிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

“பிலிக் தானான்னா என்ன கயல்?”

அவள் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“ம்மா, பிளீஸ். ஐ வாஸ் சிக்ஸ்டீன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன்மா. த்ரீ டைம்ஸ். என் ஃப்ரெண்ட்ஸ் என்னை எப்படிக் கூப்பிட்டாங்கன்னுகூட சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? ‘நாத்தம் வருதா, நீயே மோந்து பாரு’ன்னீங்க. என்னைப் பாக்கவே இல்ல. சரி, இருக்கட்டும்னு ஒரு நாள் போன எடுத்து ஆன்லைன்ல கம்ப்ளெயின்ட் போட்டேன்.”

அவள் சொன்ன ‘சரி, இருக்கட்டும்’ என் குரலிலேயே இருந்தது. சித்தப்பாவின் கிணற்றடியில் பாட்டிலோடு நின்ற அன்று நானும் அதைத்தான் சொன்னேன்.

வலித்தது. மூன்று வருடம் வேறொருவரைக் குறிபார்த்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்குள்ளேயே ஒருத்தி என்னை ஒரே அடியில் அடித்துவிட்டு, அந்த நோட்டீஸை நான் அவளுக்கே படித்துக்காட்டிப் புலம்பியபோது பக்கத்தில் உட்கார்ந்து பால் குடித்திருக்கிறாள். அவள் மலாய் வாத்தியார் மீதும் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு மலாய் சொல்லிக்கொடுத்தவர் தாண்டாஸ் என்ற ஒரு சொல்லையும் சேர்த்து அவள் மனதில் பதியவைத்திருந்தால் நான் கடைசிவரை நிம்மதியாக அங்கிளை வெறுத்திருப்பேன். கோபத்திலும் தாயிடம் கற்ற சொல்லைத்தான் மொழிபெயர்த்திருக்கிறாள் என்று என் கணவர் உருகுகிறார். உருகட்டும். நான் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

அங்கிளையும் மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். புகார் எழுதவில்லை, சரி. வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது அவர்தானே? அடுத்த அறிக்கைக்குச் சிவப்புப் பேனா தயாராக இருக்கிறது.

கயல் தீபாவளிக்கு வருகிறாள். இரண்டாவது தொட்டியை அவள் பினாங்கு போன மாதத்தில் மூடினேன். இப்போது பதமாக இருக்கும். அதை அள்ளி வாழைக்குப் போடுவது இந்த முறை அவள் வேலை, மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டேன். வீட்டுக்குள் இருக்கும் இரண்டு கழிப்பறைகளும் ரிப்பேர் என்று சொல்லப்போகிறேன். நான்கு நாளும் அவள் மண் ரூமுக்குத்தான் போயாக வேண்டும். அவள் எழுதியதை அவளே உட்கார்ந்து படிக்கட்டும்.

இன்று காலை ஆணியைப் பிடுங்கினேன். தாள் இதுவரை என் கண் மட்டத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. போன விடுமுறைக்கு வந்தபோதே அவள் என்னைவிட உயர்ந்துவிட்டாள். நான்கு விரற்கடை மேலே வைத்து அடித்தேன்.